மூணாறு குளிரில் 1500 வாட் கெட்டில்: தாளில் உள்ள கணக்கும் தண்ணீரின் கணக்கும்

வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் 1500 வாட் எவர்சில்வர் கெட்டில் ஒன்றை வாங்கி, மூணாற்றில் எங்கள் எஸ்டேட் குடியிருப்பில் பயன்படுத்தி வருகிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் மூன்றரை நிமிடத்தில் கொதிக்கும் என்கிறது உடன் வந்த தாள். இங்கு நான்கு நிமிடம் ஆகிறது. அரை நிமிடத்துக்கெல்லாம் குறை சொல்வதா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்த அரை நிமிடத்தின் வெப்பம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் கெட்டில் நல்லதா என்பது தெரியும்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4186 ஜூல் வெப்பம் வேண்டும். 1500 வாட் என்பது நொடிக்கு 1500 ஜூல், அதாவது இரண்டு நிமிடத்தில் 1,80,000 ஜூல். இதை 4186ஆல் வகுத்தால் வெப்பநிலை 43 டிகிரி உயர வேண்டும். குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் இருந்ததால் 63 காட்டியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துக் கெட்டில் காட்டியது 58. பாத்திரமும் சேர்ந்துதானே சூடாகிறது? அரைக் கிலோ எவர்சில்வர் என்று கொண்டால் டிகிரிக்கு 250 ஜூல் அதற்குப் போகும். மொத்தம் 4436ஆல் வகுக்க, உயர்வு 41 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய இரண்டு மூன்று டிகிரி காற்றோடு போனது. இந்த விலைக்கு அது மோசமான இழப்பு அல்ல.

சமவெளியில் 25 டிகிரித் தண்ணீர் 100இல் கொதிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாற்றிலோ 20இல் தொடங்கும் தண்ணீர் 95இலேயே கொதித்துவிடும். இரண்டு இடத்திலும் உயர்வு 75 டிகிரிதான் என்பதால், மலையில் சீக்கிரம் கொதிக்கும் என்ற பேச்சு இங்கே எடுபடாது. எண்பலகை 95ஐ நேர்மையாகவே காட்டுகிறது. நூறு டிகிரிக்குக் காத்திராமல் நீராவி பட்டதும் தானாக நின்றுவிடும் அமைப்பு என்பதால், மலைவாசிகளுக்கு இது பொருத்தமானது.

ஒரேயொரு தம்ளர் கட்டஞ்சாயாவுக்கு (பால் சேர்க்காத தேநீருக்கு) இதை எடுப்பது வீண். கால் லிட்டர் தண்ணீர் என்றால் பயன்படும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பாத்திரமே விழுங்கிவிடும். அரை லிட்டருக்குக் கீழே ஊற்றக் கூடாது என்ற கோடும் உள்ளேயே இருக்கிறது. மாலையில் மின்னழுத்தம் 230இலிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கினால், திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 1500 வாட் 1134 வாட்டாகிவிடும். அப்போது ஒரு லிட்டர் கொதிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குக் கெட்டிலைக் குறை சொல்ல முடியாது. மின்கம்பி மட்டும் இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருக்கலாம்.