அகலச் சாலையா, நேர ஒதுக்கீடா? துறைமுக ட்ரெய்லர் வரிசை குறித்த ஓர் ஒப்பீடு

சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் தேங்கும்போதெல்லாம், சாலையை அகலப்படுத்துங்கள் என்ற கோரிக்கைதான் வடசென்னையில் முதலில் எழுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வந்ததே அதற்காகத்தான். துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2012-இல் பணி நின்று, திட்டம் ஈரடுக்குப் பாலமாக மாறி 2022-இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட்டை மட்டும் நம்பினால் எத்தனை காலம் பிடிக்கும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஆனால் சாலை வண்டியைத் துறைமுகக் கேட்டுக்கு விரைவாகக் கொண்டு சேர்க்குமே தவிர, கேட்டை விரைவாக்காது. மணிக்கு 60 வண்டிகளை உள்ளே விடக்கூடிய கேட்டுக்கு மணிக்கு 90 வண்டிகள் வந்தால், நான்கு மணி நேரத்தில் 120 வண்டிகள் வெளியே நிற்கும். ஒரே வரிசையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சாலை ஆறு வழித்தடமானால் வரிசையின் நீளம் குறையும். ஓட்டுநர் காத்திருக்கும் நேரம் குறையாது.

90 வண்டிகள் ஏன் ஒரே நேரத்தில் வருகின்றன என்பதே ஆராய வேண்டிய கேள்வி. கப்பலின் கட்-ஆஃப், அதாவது சரக்கை ஏற்கும் கடைசி நேரம், நெருங்கும்போதுதான் பல ஏற்றுமதியாளர்கள் கன்டெய்னர் பெட்டியை அனுப்புகிறார்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநர் முந்திக்கொள்ளப் பார்க்கிறார். துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் டெர்மினல், தன் கிரேன் மணிக்கு எத்தனை பெட்டி தூக்கியது என்று அளக்கிறது. சுங்கத்துறை ஆவணங்கள் எவ்வளவு விரைவில் முடிந்தன என்று பார்க்கிறது. தத்தம் கணக்கில் எல்லாரும் தேறிவிடுகிறார்கள்; திருவொற்றியூரில் சாப்பாடின்றி, கழிப்பறையின்றி நிற்கும் ஓட்டுநரின் நேரம் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒவ்வொரு லாரியும் கேட்டுக்கு வர வேண்டிய நேரத்தை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் நேர ஒதுக்கீடு இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களின் டெர்மினல்கள் 2005-இல் பகல் நேரப் பெட்டிகளுக்குக் கட்டணம் விதித்து நெரிசலை இரவுக்கு நகர்த்தின. 2018-இல் முன்பதிவு முறைக்கு மாறின. சிட்னியின் போர்ட் பாட்டனி ஒரு படி மேலே போனது: லாரி தாமதித்தால் லாரிக்காரரும், டெர்மினல் தாமதித்தால் டெர்மினலும் அபராதம் செலுத்த வேண்டும். என் கணிப்பில் இந்த இருவழி அபராதமே அம்முறையின் உயிர்நாடி. அது இல்லாத முன்பதிவு, வரிசையை எண்ணூர் சாலையிலிருந்து மணலித் தெருக்களுக்கு மாற்றிவிட்டு நிம்மதி அடையும்.

குறைகளும் உண்டு. ஓரிரு லாரிகளை வைத்துப் பிழைப்பவருக்கு, மழையிலோ ஆவணக் கோளாறிலோ ஒதுக்கிய நேரம் தவறினால் அன்றைய வருமானமே போய்விடும். ஆகவே சலுகை நேரமும், கழிப்பறையுடன் கூடிய நிறுத்துமிடமும் இதனுடன் சேர்ந்தே வர வேண்டும்.

இரண்டில் நேர ஒதுக்கீட்டுக்கே நான் முன்னுரிமை தருவேன். முதலில் ஒரு டெர்மினலில் ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு மட்டும் நடைமுறைப்படுத்தி, வண்டி மணலியிலிருந்து கிளம்பிப் பெட்டியை இறக்கித் திரும்பும் வரையிலான மொத்த நேரத்தை எல்லாத் தரப்புக்கும் பொது அளவாக வைக்க வேண்டும். சாலைக்கு எத்தனை வழித்தடம் தேவை என்பதை அந்த எண்களைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.