சிடி சுற்றவில்லையா? துடைப்பதா, மோட்டாரா, பிக்கப்பா?

சிடி பிளேயரில் டிஸ்க் சுற்றாவிட்டால் பலரும் உடனே "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலான பிளேயர்கள் முதலில் லேசரைப் போட்டு, லென்ஸை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும். வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்தால்தான் உள்ளே டிஸ்க் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் சுற்றவிடும். லென்ஸில் அழுக்கு இருந்தாலே நல்ல மோட்டாரும் சும்மா நிற்கும்.

அதனால் முதலில் துடைக்க வேண்டும். இதற்கென்றே கடையில் குட்டி பிரஷ் ஒட்டிய கிளீனிங் டிஸ்க் கிடைக்கும், ஆனால் அது சுற்றினால்தான் துடைக்கும், சுற்றாத பிளேயரில் அதைப் போட்டு என்ன பயன்? எண்ணெய்ப் படலமும் அதற்கு அசையாது. என் ஓட்டு கையால் துடைப்பதற்குத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து அழுத்தாமல் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் மிதந்துகொண்டிருக்கிறது. சானிடைசர் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் புதிதாக ஒரு படலத்தைப் போட்டுவிடும்.

துடைத்தும் சரியாகவில்லையா? இனி மோட்டாரா, பிக்கப்பா (லேசரும் லென்ஸும் சேர்ந்த படிக்கும் பாகம்) என்ற கேள்வி. ஆடியோ சிடி உள்பக்கத்திலிருந்து வெளியே படிக்கப்படுகிறது, தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, ஓரத்தில் 200 போதும். முதல் பாட்டுகள் திணறி, கடைசிப் பாட்டுகள் ஒழுங்காக ஓடினால் மோட்டாரைச் சந்தேகியுங்கள். கடையில் வாங்கிய சிடி ஓடுகிறது, முன்பு ஓடிய ரைட் செய்த சிடி மட்டும் இப்போது படிக்கவில்லை என்றால் லேசர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ரைட் செய்த டிஸ்க் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பும்.

மோட்டார் மட்டும் மாற்றுவது செலவு குறைவு, வேலை அதிகம். டிஸ்க் உட்காரும் தட்டைக் கழற்றி, பழைய உயரத்திலேயே திரும்ப ஏற்ற வேண்டும். உயரம் மாறினால் போகஸ் பிடிக்காது, டிஸ்க் கீழே உரசவும் செய்யும். சோனி கேஎஸ்எஸ்-213சி போன்ற பிக்கப்புகள் மோட்டார், ரெயில், பல்சக்கரத்தோடு முழு மெக்கானிசமாகவே கிடைக்கின்றன. அப்படிக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், இரண்டு சந்தேகமும் ஒரே வேலையில் தீரும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: புது பிக்கப்பில் நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்க ஒரு சால்டர் பொட்டு வைத்திருந்தால், ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டுவிட்டு "புதுசும் வேலை செய்யலை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

அப்புறம், பிக்கப்பில் உள்ள சின்ன ட்ரிம்மரை (லேசருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகி லேசரைக் கூட்டுவது. சில நாள் ஓடும், ஆனால் ஏற்கெனவே களைத்த லேசருக்குள் இன்னும் மின்சாரத்தைத் தள்ளுவதால் அது சீக்கிரமே முழுதாகச் செத்துப்போகும். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.