மைன்ஸ் நிறமாலை அட்லஸ்: புரோமின் பக்கம் போகிறவர்களுக்கு

வளிமண்டல வேதியியலில் கணக்குப் போடுகிறவர்கள் என்றைக்காவது இந்தத் தளத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனம் இலவசமாகத் தரும் தொகுப்பு இது. எந்த வாயு எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று பல ஆய்வகங்கள் அளந்த எண்கள் இங்கே ஒன்றாகக் கிடைக்கும். நான் அதிகம் புழங்குவது புரோமின் பகுதியில்.

எனக்கு முதலில் பிடித்தது கோப்புக்குப் பெயர் வைக்கும் விதம். மூலக்கூறு, அளந்தவர், ஆண்டு, வெப்பநிலை, அலைநீள வீச்சு எல்லாம் பெயரிலேயே இருக்கும். திறந்தால் ஒரு பக்கம் நானோமீட்டர், மறுபக்கம் உறிஞ்சல் குறுக்குவெட்டு (அந்த அலைநீளத்தில் ஒரு மூலக்கூறு ஒளியை எவ்வளவு விழுங்கும் என்பதன் அளவு), அவ்வளவுதான். எக்செல்லோ பைத்தானோ, எதிலும் அப்படியே ஏறும். அலங்காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

புரோமின் வாயு சுலபம். 415 நானோமீட்டர் அருகே பெரிய மேடு. நீல ஒளியைத் தின்றுவிடுவதால்தான் கண்ணுக்குச் செம்பழுப்பாகத் தெரிகிறது. நம்மைச் சோதிப்பது புரோமின் மோனாக்சைடு, அதாவது ஒரு புரோமின் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. அதைக் குப்பியில் அடைத்து வைக்க முடியாது, தன்னோடு தானே வினைபுரிந்து காலியாகிவிடும். உண்டாக்கிய கையோடு அளக்க வேண்டும். செறிவைக் கணிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் குறுக்குவெட்டும் பிசகும். அதனால் ஒரே மூலக்கூறுக்கு இத்தனை கோப்புகள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள்: 300 முதல் 380 நானோமீட்டர் வரை உச்சிகள் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக நிற்கும், உயரம்தான் ஆளுக்கு ஆள் மாறும். 338.5 அருகே உள்ள உச்சி குளிரக் குளிர உயரும். கருவியின் பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) கூடினாலும் உயரும்.

புதியவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அடுக்கு மண்டலத்தின் (ஓசோன் படலம் இருக்கும் வளிமண்டல அடுக்கு) கீழ்ப்பகுதியில் வெப்பநிலை 220 கெல்வின் பக்கம் இருக்கும். அங்கிருந்து வரும் செயற்கைக்கோள் நிறமாலைக்கு 298 கெல்வின் கோப்பைப் பொருத்தினால், புரோமின் மோனாக்சைடு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். வில்மவுத் குழு 1999-ல் 228, 298 கெல்வின் இரண்டிலும் அளந்தது. ஃபிளைஷ்மன் குழு 2004-ல் 203 வரை இறங்கியது. இடைப்பட்ட வெப்பநிலைகளும் அதில் உண்டு என்பதால் என் ஓட்டு அதற்கே.

சரி, குறை? எந்தக் கோப்பை நம்பலாம் என்று அட்லஸ் தீர்ப்புச் சொல்லாது. அதற்கு நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோப்பை இறக்கியதோடு நிறுத்தாமல் அளந்தவர்களின் மூலக் கட்டுரையையும் படியுங்கள். பிரிதிறனும் பிழை வரம்பும் அங்கேதான் முழுதாக இருக்கும்.