பால் சேர்க்காத இனிப்பு ஓட்ஸ்: இரண்டு வருடமாகச் செய்து பார்த்ததில்

மகளுக்குப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்த கவலை காலைச் சாப்பாடுதான். அவளுக்கு எழுந்ததும் இனிப்பாக ஏதாவது வேண்டும், எனக்கோ கிளம்பும் அவசரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அப்படி ஆரம்பித்த ஓட்ஸ், வாரத்தில் நான்கு ஐந்து நாள் என்று இரண்டு வருடமாக ஓடுகிறது.

ஆரம்பத்தில் பாலுக்குப் பதிலாக எந்தப் பால் என்றே தேடிக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய பாதாம் பாலில் செய்தால் தண்ணீராக இருந்தது. சரி, ஓட்ஸ் பாலை வீட்டிலேயே எடுப்போம் என்று மிக்ஸியில் இரண்டு நிமிடம் ஓடவிட்டேன், வழவழவென்று குடிக்கவே முடியாத ஒன்று வந்தது. (குளிர்ந்த தண்ணீர் விட்டு, அரை நிமிடத்துக்குமேல் அரைக்காமல், பிழியாமல் வடிகட்ட வேண்டுமாம்.) ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்துக்கும் மாவுச்சத்துக்கும் அப்படிக் குழகுழக்கும் குணம் உண்டு. யோசித்துப் பார்த்தால், குடிக்கிற பாலில் வேண்டாத அந்தக் குழகுழப்புதானே அடுப்பில் வேகும்போது நமக்கு வேண்டியது! அன்றிலிருந்து வெறும் தண்ணீரில்தான் வேகவைக்கிறேன்.

ஒருவருக்கு 40 கிராம் ரோல்டு ஓட்ஸ், ஒரு கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் இனிப்பு எடுபடாது. தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தில் பாதியை மசித்து முதலிலேயே சேர்த்துவிட வேண்டும், பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுவதால் தனியாகச் சர்க்கரை தேவைப்படாது, காயாக இருந்தால் மட்டும் வெந்நீரில் ஊறிய இரண்டு பேரீச்சம்பழம் போடுவேன். மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் போதும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டால் அதுதான் பதம். அடுப்பை அணைத்த பிறகு ஒரு ஸ்பூன் பாதாம் விழுது, கொஞ்சம் பட்டைத் தூள். விழுது கரைந்ததும் பால் ஊற்றிய மாதிரியே நிறம் வெளுத்து வரும்.

குறை இல்லாமல் இல்லை. பத்து நிமிடம் ஆறவிட்டால் களியாக இறுகிவிடும், வெந்நீர் விட்டுத் தளர்த்த வேண்டும். பாத்திரத்தை உடனே ஊறப்போடாவிட்டால் தேய்த்தே கை வலிக்கும். அப்புறம், பாலில் கிடைக்கிற கால்சியம் இதில் கிடைக்காது, அதனால் கால்சியம் சேர்த்த சோயா பாலைத் தனியாகக் குடிக்கக் கொடுக்கிறேன். அந்தக் கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் குலுக்காமல் ஊற்றுவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 'லாக்டோஸ் இல்லாதது' என்றால் பால் இல்லாதது என்று அர்த்தமில்லை, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை மட்டும் பிரித்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். ஒருமுறை மேலே தூவ வாங்கிய கிரானோலாவில் சின்ன எழுத்தில் வே பவுடர் (பால் திரியும்போது பிரியும் தண்ணீரைக் காயவைத்த தூள்) இருந்ததைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன், அவள் உதடு தடித்ததைப் பார்த்த பயம் இன்னும் போகவில்லை. வே, கேசீன் (இரண்டுமே பால் புரதங்கள்) இரண்டையும் தேடிப் பார்க்காமல் எந்தப் பொட்டலத்தையும் இப்போது திறப்பதில்லை.

பழம் கருக்க ஆரம்பித்ததும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். காலையில் அப்படியே பாத்திரத்தில் போடலாம், ஒரு நிமிடம் கூடுதலாக வேகும், அவ்வளவுதான்.