கிராம வங்கியில பன்னெண்டு வருஷம்: குறுவைக்கு உள்ள போற செயின்

திருத்துறைப்பூண்டி பக்கம் நமக்கு, பத்து மா நிலம், அதாவது மூணு ஏக்கர் சொச்சம். கிராம வங்கியில கணக்கு ஆரம்பிச்சு பன்னெண்டு வருஷமாச்சு. எந்த கிளைன்னு கேக்காதீங்க, நாளைக்கும் அங்கதான் போய் நிக்கணும்.

கணக்கு ஆரம்பிக்கிறப்ப அப்பா ஒத்துக்கவே இல்ல, "இது கவர்மெண்ட் பேங்க்தானாடா, இல்ல சீட்டுக் கம்பெனியா"ன்னாரு. மத்திய அரசு 50, மாநில அரசு 15, பின்னாடி இருக்குற பெரிய பேங்க் 35 சதவீதம்னு பங்கு போட்டு 1975லேர்ந்து நடக்குற ஏற்பாடுப்பான்னு சொன்னேன். டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் அப்ப 1 லட்சம்தான், 2020லேர்ந்துதான் 5 லட்சம். அரை மனசாத்தான் கையெழுத்துப் போட்டாரு.

ஆனா உண்மையச் சொன்னா எங்க வீட்டுக்கும் அந்த பேங்குக்கும் நடுவுல இருக்குறது அம்மாவோட ஆறு பவுன் ரெட்டைவடச் செயின்தான். ஜூன் 12 குறுவைக்கு, அதாவது குறுகிய கால நெல்லுக்கு, மேட்டூர் அணை தெறக்குறாங்கன்னு நியூஸ் வந்தாலே அது அடகுக்கு உள்ள போயிடும், உழவு, விதை, நடவு கூலின்னு எல்லாம் அதுலதான், அப்புறம் அடுத்த போகமான சம்பா அறுத்து டிபிசில (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) நெல்லப் போட்டு பணம் கணக்குல ஏறுனாத்தான் வெளிய வரும். நகைய மதிப்பு போடுற அப்ரைசர் கல்லுல உரசி ஆசிட் விட்டுப் பாப்பாரு, அழுக்குக்குன்னு கொஞ்சம் எடை கழிப்பாரு. அம்மா அந்தக் கல்லையே முறைச்சுகிட்டு நிப்பாங்க, வருஷா வருஷம் இவரு உரசுற உரசல்லயே ஒரு மோதிரம் போயிருக்கும்னு சத்தமாவே சொல்லுவாங்க, அவரும் சிரிச்சுகிட்டே நகைப் பைக்கு சீல் வச்சுடுவாரு.

முன்னல்லாம் கெடு முடிஞ்சா வட்டிய மட்டும் கட்டிட்டு மாத்தி வச்சுக்கலாம். நடுவுல ரூல் மாறிப்போச்சு, முழுசா கட்டி மீட்டுட்டு மறுபடியும் வைக்கணும்னாங்க. கையில காசு இருந்தா எவன் நகைய வைக்கிறான்? போன வருஷம் டிபிசி பணம் லேட்டாயி நானும் மாட்டுனேன், வாசல்ல டீக்கடை பக்கம் ஒருத்தரு ஒரு நாளைக்கு மட்டும் கைமாத்து குடுக்குறாரு, ஒரு லட்சத்துக்கு ஐநூறு ரூபா புடிச்சாரு. கிளர்க்கைக் கோவிச்சு என்ன பண்றது, ரூல் போட்டது அவரு இல்லியே.

பயிர்க்கடனும் அங்கயே வாங்குறேன். சிட்டா அடங்கல்னு நிலம், பயிர் ரெக்கார்டு சரியா இருந்தா பெருசா அலைச்சல் இல்ல. 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், கெடுவுக்குள்ள கட்டுனா 4 தான் விழும். வட்டிய மட்டும் பாத்தா கூட்டுறவு சொசைட்டிதான் லாபம், அங்க கெடுவுக்குள்ள கட்டுனா வட்டியே கிடையாது. ஆனா ஒரே ஆள நம்பி இருக்கக்கூடாதுங்குறது என் கணக்கு.

ஆப் பரவால்ல. பாஸ்புக் மெஷின் பாதி நாள் படுத்துடும். மேனேஜர் மாறுனா பேங்க்கே மாறுன மாதிரி இருக்கும், ஒருத்தரு நாத்து வயசு கேட்டு பேசுவாரு, அடுத்து வர்றவருக்கு குறுவைக்கும் சம்பாவுக்குமே வித்தியாசம் புரிய ஒரு போகம் ஆகும்.

நகை வைக்கப் போறவங்க அப்ரைசர் என்னிக்கு வர்றாருன்னு போன் போட்டுட்டுப் போங்க, தினமும் இருக்க மாட்டாரு. அம்மாவக் கூட்டிட்டுப் போயி நான் ரெண்டு தடவ ஆட்டோ காச விட்டுட்டு வந்தேன்.