நெல்லிக்குப்பம் ரோட்டில் வரும் புது மனைப்பிரிவு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாய்க்காலைப் பாருங்கள்

கடலூர்–நெல்லிக்குப்பம் சாலையில் எங்கள் தெருவை ஒட்டி ஒரு மனைப்பிரிவு வருகிறது. மொத்தம் 3 ஏக்கர் 20 சென்ட், முன்பு கரும்பு போட்ட நிலம். நான் கட்டட மேஸ்திரி. மனை பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "மழைக்கு இங்க தண்ணி நிக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பஸ் வசதி உண்டு. அடிமண் கெட்டியாக இருக்கிறது, அஸ்திவாரத்துக்குப் பயமில்லை. உள்சாலைகளை 30 அடிக்கு விட்டிருக்கிறார்கள். எல்லைக் கற்களையும் ஒழுங்காகத்தான் நட்டிருக்கிறார்கள்.

குறை எல்லாம் தண்ணீர் விஷயத்தில். நிலத்தை உயர்த்த ராத்திரி பகலாக டிப்பரில் மண் அடித்தார்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தண்ணீர் நிரப்பிய ட்யூப் பிடித்து மட்டம் பார்த்தேன். ஒரு முனையை எங்கள் தெரு மின்கம்பத்தில் என் மகன் பிடித்துக்கொண்டான், மறு முனையை அவர்கள் நிரவிய மண்ணில் ஊன்றிய குச்சியில் நான் பிடித்தேன். குழாயைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, தண்ணீர் ஆடாமல் நின்றதும் கோடு போட்டு அளந்தால், அங்கே தரை எங்கள் தெருவைவிட இரண்டேகால் அடி உயரம். உயர்த்துவதில் தப்பில்லை, வீடு கட்டுகிறவன் உயர்த்தத்தான் செய்வான். ஆனால் அங்கே விழுகிற மழை இனி எங்கே போகும் என்பதற்கு முதல் பிளானில் பதிலே இல்லை.

மேற்கு ஓரத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை பொங்கி வந்தபோது, எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அது வடிந்தது இந்த வாய்க்கால் வழியாகத்தான். அதை முக்கால்வாசி தூர்த்து, ரோடு கடக்கிற இடத்தில் ஒரு சிமென்ட் ஹியூம் பைப்பை மட்டும் போட்டு மண்ணை மூடியிருந்தார்கள். அந்தப் பைப்புக்குள் ஒரு குடம்கூட நுழையாது.

எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, நாங்களாகத்தான் போனோம். முதலில் போன அலுவலகத்தில், "பட்டா நிலம், உங்களுக்கு என்ன?" என்றார்கள். எதிர்வீட்டு அக்கா தபால் துறையில் வேலை பார்த்தவர், விடவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனைப்பிரிவு வரைபடம் கேட்டார். இன்னொரு பக்கம் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வரைபடம் கைக்கு வந்ததும், ஆன்லைனில் எடுத்த புலப்படத்தை, அதாவது அரசு சர்வே வரைபடத்தை, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புலப்படத்தில் வாய்க்கால் நடுவில் உள்பக்கம் வளைந்து போகிறது. பிளானில் ஒரே நேர்கோடு. அந்த வளைவு இருந்த இடத்தில் இரண்டு மனைகள் போட்டிருந்தார்கள். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். அதை வாங்குகிறவன் பிற்பாடு எந்த அலுவலகத்தில் போய் அழுவான்?

இரண்டாவது விஷயம் பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறவிடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இது ஏறக்குறைய 13,000 சதுர மீட்டர், தப்பிக்க வழியில்லை. ஒதுக்கித்தான் இருந்தார்கள், ஆனால் தென்மேற்கு மூலையில், கரும்பு காலத்திலேயே தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளத்தில். பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம் அது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

மூன்றாவது, அந்தப் பிளானில் எங்கள் 18 அடித் தெருவையே மனைப்பிரிவுக்கு வழியாகக் காட்டியிருந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் கம்பி, ஜல்லி லாரி இதற்குள் வந்தால் கழிவுநீர்க் கால்வாய்ச் சுவர் ஒன்றுகூட நிற்காது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மனு போன பிறகு நடந்த இட ஆய்வு நன்றாக நடந்தது. சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். வந்த பெண் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அந்தப் பைப்புக்குள் குனிந்து பார்த்தார். மூன்றாம் வீட்டு ஆயா, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு சுவத்துல கறை இருக்கு, வந்து பாரும்மா" என்று கூப்பிட்டதும் உள்ளே போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். வாய்க்காலைப் புலப்படத்து அகலத்துக்கே தோண்ட வேண்டும், பைப்பை எடுத்துவிட்டுப் பாக்ஸ் கல்வெர்ட் என்ற பெட்டி போன்ற சிறுபாலம் கட்ட வேண்டும், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று எழுதினார்கள். திருத்திய பிளானில் அந்த இரண்டு மனைகளும் இல்லை, நுழைவு மெயின் ரோட்டுக்கு மாறிவிட்டது. பூங்கா மட்டும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. அதற்கு மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம்.

இவ்வளவும் நடக்கும்போதே மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் கட்டி புக்கிங் வாங்கியதுதான் எனக்குப் பெரிய கோபம். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள திட்டத்தை ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. அந்த ஃபிளெக்ஸில் ரெரா எண்ணே இல்லை. பதிந்த பிறகும் விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப்பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஏஜென்ட் "பாதி கட்டுங்க, ரேட் குறைச்சுத் தரேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு இந்த மனைப்பிரிவுக்கு ஐந்துக்கு இரண்டரை மார்க் கொடுக்கிறேன். பிடித்திருந்தால் வடக்கு வரிசையில் மெயின் ரோட்டுப் பக்க மனைகளைக் கேளுங்கள், அவை இயல்பாகவே மேடு. வாய்க்காலை ஒட்டிய மேற்கு வரிசையை, கல்வெர்ட் கட்டி முடித்து ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்க்கும் வரை தொடாதீர்கள். பார்க்க வரும்போது பிளான் நகலும் புலப்படமும் கொண்டுவாருங்கள். மட்டம் பார்க்க ட்யூப் என்னிடம் இருக்கிறது, கூட வந்து பிடித்துக் காட்டுகிறேன்.