வர்ஜினியா பிளானா, நியூஜெர்சி பிளானா? 1787ல நிஜமா ஜெயிச்சது எது

அமெரிக்க அரசியல் சாசனம்னு பேச்சு வந்தாலே, ஏதோ பெரியவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே மனசா எழுதி முடிச்ச மாதிரி ஒரு பில்டப் குடுப்பாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. 1787 மே 25லேர்ந்து செப்டம்பர் 17 வரைக்கும் பிலடெல்ஃபியாவுல கதவ சாத்தி, காவல் போட்டு, உள்ள பேசுறத வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ரூல் வச்சு, 12 ஸ்டேட் ஆளுங்க செம சண்டை போட்டாங்க (13வது ஸ்டேட் ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பல). சண்டைக்கு நடுவுல இருந்தது ரெண்டு வரைவு. மே 29ல வர்ஜினியா கவர்னர் எட்மண்ட் ரேண்டால்ஃப் வச்ச வர்ஜினியா பிளான், அதுக்குப் பின்னாடி இருந்த மூளை ஜேம்ஸ் மேடிசன். ஜூன் 15ல வில்லியம் பேட்டர்சன் வச்ச நியூஜெர்சி பிளான்.

பாடப்புத்தகத்துல இது நாலு வரிதான். பெரிய ஸ்டேட் பிளான் ஒண்ணு, சின்ன ஸ்டேட் பிளான் ஒண்ணு, நடுவுல கனெக்டிகட் சமரசம், சுபம். ஆனா ரெண்டு பிளானையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா கணக்கு வேற மாதிரி வருது, தோத்துப்போனதுன்னு சொல்ற நியூஜெர்சி பிளான்ல இருந்த ஒரு ஷரத்துதான் இன்னைக்கு வரைக்கும் அந்த நாட்டோட அச்சாணியா இருக்கு, வர்ஜினியா பிளான்ல மேடிசன் உயிரா நெனச்ச ஒண்ணு குப்பைக்குப் போயிடுச்சு.

மொதல்ல ரெண்டு பேரும் எத சரி பண்ண வந்தாங்கன்னு பாத்துடுவோம். 1781லேர்ந்து ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்னு ஒரு ஒப்பந்தம்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரே சபை, ஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு, ஜனாதிபதின்னு தனியா நிர்வாகத் தலைமை கிடையாது, நாட்டுக்குன்னு நிரந்தர கோர்ட் அமைப்பு கிடையாது, முக்கியமா வரி போடுற அதிகாரமே கிடையாது. காங்கிரஸ்ங்கற அந்த ஒரே சபை ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் "உங்க பங்கு இவ்வளவு, அனுப்புங்க"ன்னு கேக்கும், அவங்க இஷ்டப்பட்டா அனுப்புவாங்க. இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட்டுக்குறோம்னு 1781ல கேட்டாங்க, 1782ல ரோட் ஐலண்ட் முடியாதுன்னுடுச்சு, ஒப்பந்தத்த திருத்த 13 பேரும் சம்மதிக்கணும்ங்கறதால கதை அதோட முடிஞ்சுது. இதுல நியூஜெர்சி நெலம தனி. சொந்தமா பெரிய துறைமுகம் இல்ல, சரக்கெல்லாம் நியூயார்க், பிலடெல்ஃபியா வழியாத்தான் வரணும், அங்க கட்டுற வரி அந்த ஸ்டேட்டுங்க பாக்கெட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட பீப்பாய்னு நியூஜெர்சிய சொல்றத மேடிசனே எழுதி வச்சிருக்கார். கடுப்புல 1786 பிப்ரவரியில நியூஜெர்சி சட்டசபை காங்கிரஸ் கேட்ட பணத்த தர மாட்டோம்னே தீர்மானம் போட்டுடுச்சு.

இத ஏன் இவ்வளவு விளக்குறேன்னா, நியூஜெர்சி பிளான்னா மத்திய அரசே வேணாம்னு சொன்ன பிளான்னு நிறைய பேர் நெனச்சுக்குறாங்க. இல்லவே இல்ல. இறக்குமதி வரி, முத்திரைத்தாள் வரி, தபால் கட்டணம், வணிகத்த ஒழுங்குபடுத்துற அதிகாரம்னு எல்லாத்தையும் பேட்டர்சன் காங்கிரஸுக்குத் தூக்கிக் குடுத்தார். பங்குப் பணம் கட்டாத ஸ்டேட்ல மத்திய அரசே நேரா வசூல் பண்ணிக்கலாம்னு கூட இருந்துச்சு. துறைமுகம் இல்லாதவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். வர்ஜினியா பிளான் இன்னும் ஒரு படி மேல போயி, ஸ்டேட்டுங்க தனித்தனியா சமாளிக்க முடியாத எல்லா விஷயத்துலயும் மத்திய சபை சட்டம் போடலாம்னு மொத்தமா எழுதிடுச்சு. எல்லைக்கோடே இல்லாத அதிகாரம், எனக்கு இதப் படிக்கும்போதே கொஞ்சம் பக்குன்னு இருக்கும்.

நிஜமான அடிதடி சீட்டு கணக்குல. வர்ஜினியா பிளான்ல ரெண்டு சபை, ரெண்டுலயும் ஜனத்தொகை இல்லன்னா கட்டுற பணத்த வச்சுத்தான் சீட்டு. கீழ் சபைய மக்கள் தேர்ந்தெடுப்பாங்க, மேல் சபைய கீழ் சபை தேர்ந்தெடுக்கும். நியூஜெர்சி பிளான்ல பழைய மாதிரியே ஒரே சபை, ஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. 1790 சென்சஸ் நம்பர பாருங்க, கென்டக்கிய சேர்க்காமலே வர்ஜினியாவுல ஏறக்குறைய 7.47 லட்சம் பேர், டெலவேர்ல 59 ஆயிரம். பென்சில்வேனியாவோட ஜேம்ஸ் வில்சன் எங்க ஊர்க்காரங்க 150 பேரு உங்க ஊர்க்காரங்க 50 பேருக்குத்தான் சமமான்னு நேரா கேட்டார். பதில் சொல்ல கஷ்டமான கேள்வி. நியூஜெர்சியோட டேவிட் பிரேர்லி அதுக்கு முன்னாடியே ஒரு குண்டு போட்டிருந்தார், ஜனத்தொகைதான் நியாயம்னா எல்லா எல்லையையும் அழிச்சுட்டு நாட்ட 13 சம பங்கா திரும்பப் பிரிச்சுடலாம், சரியான்னு. அதுக்கு பெரிய ஸ்டேட்டுங்க தயாரா இல்ல. அதான் விஷயம், கொள்கை பேசுன ரெண்டு பக்கமும் அவங்கவங்க சீட்ட வச்சுத்தான் பேசுனாங்க.

நிர்வாகத் தலைமை விஷயத்துல ரெண்டுமே சுமார்தான். வர்ஜினியா பிளான்ல எத்தன பேருன்னே எழுதல, சபைதான் தேர்ந்தெடுக்கும், ஒரு தடவைக்கு மேல கிடையாது. நியூஜெர்சி பிளான்ல தலைமை ஒரு ஆளு இல்ல, பல பேர் சேர்ந்த குழு, பாதிக்கு மேல ஸ்டேட் கவர்னருங்க கேட்டா காங்கிரஸ் அவங்கள தூக்கலாம். இன்னைக்கு இருக்குற தனி ஜனாதிபதி, எலெக்டோரல் காலேஜ் (ஜனாதிபதிய தேர்ந்தெடுக்க ஸ்டேட்டுங்க அனுப்புற வாக்காளர் குழு) ரெண்டும் எந்த பிளான்லயும் இல்ல. தனி ஆளுன்னு ஜூன் 4ல முடிவாச்சு, எலெக்டோரல் காலேஜ் செப்டம்பர்ல ஒரு கமிட்டியிலேர்ந்து வந்துச்சு, அந்தக் கமிட்டிக்கு தலைவரு வேற யாரும் இல்ல, நாட்ட 13 துண்டா போடலாம்னு சொன்ன அதே பிரேர்லி.

இப்ப என் பார்வையில ரொம்ப முக்கியமான இடம். ஒரு ஸ்டேட் மத்திய சட்டத்த மதிக்கலன்னா என்ன பண்றது? மேடிசனோட பதில் வீட்டோ. ஸ்டேட் போடுற சட்டம் சாசனத்துக்கு விரோதம்னு மத்திய சபைக்குத் தோணினா அதுவே ரத்து பண்ணிடலாம், அடங்கலன்னா படைபலத்தையும் காட்டலாம். படைபலம்ங்கறது தண்டனை மாதிரி இருக்காது, போர் அறிவிப்பு மாதிரிதான் இருக்கும்னு மேடிசனே மே 31ல சொல்லி அத தள்ளி வச்சுட்டார், ஆனா வீட்டோவ கடைசி வரைக்கும் விடல. யோசிச்சுப் பாருங்க, 13 சட்டசபை போடுற ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு மத்திய சபை உக்காந்து படிச்சு இது ஓகே இது ஓகே இல்லன்னு டிக் அடிக்கணும், குதிரை வண்டி காலத்துல.

பேட்டர்சன் பிளானும் படைபலத்த விடல, ஆனா கூடவே வேற ஒண்ணு இருந்துச்சு. காங்கிரஸ் போடுற சட்டமும் ஒப்பந்தங்களும் எல்லா ஸ்டேட்டுக்கும் உச்சபட்ச சட்டம், ஸ்டேட் சட்டம் எதிரா இருந்தாலும் அந்தந்த ஸ்டேட் ஜட்ஜுங்க இதுக்குத்தான் கட்டுப்பட்டவங்க. அவ்வளவுதான். வீட்டோ வேணாம், டிக் அடிக்க ஆள் வேணாம், யாராவது கேஸ் போட்டா அங்க இருக்குற ஜட்ஜே தீர்ப்பு சொல்லிடுவாரு, அப்பீல்ல மேல் கோர்ட் பாத்துக்கும். ஜூலை 17ல மேடிசனோட வீட்டோவ தோக்கடிச்சுட்டு உடனே இந்த ஷரத்த எடுத்து வச்சது மேரிலாண்டோட லூதர் மார்ட்டின், மத்திய அரசு பெருசாகுறத அந்த ஹால்லயே ரொம்ப எதிர்த்த ஆளுங்கள்ல ஒருத்தர். பின்னாடி சாசனத்தையே உச்ச சட்டம்னு சேர்த்து இன்னும் பலப்படுத்துனாங்க, 6வது பிரிவுல இன்னைக்கும் இருக்கு. 1819ல மெக்கலாக் வழக்குல மத்திய பேங்க் மேல மேரிலாண்ட் போட்ட வரி செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் தலைமை ஜட்ஜ் ஜான் மார்ஷல் அடிச்சது இத வச்சுத்தான். சின்ன ஸ்டேட் பிளான் குடுத்த கத்தி, வெட்டு வாங்குனது மார்ட்டினோட சொந்த ஸ்டேட், அந்த வழக்குல மேரிலாண்டுக்காக நின்னு வாதாடுனதும் சாட்சாத் அதே மார்ட்டின்தான்.

ஓட்டெடுப்புக்கு வருவோம். ஜூன் 18ல அலெக்சாண்டர் ஹாமில்டன் எந்திரிச்சு ரெண்டும் சரியில்லன்னு சொல்லி மணிக்கணக்கா பேசினார், ஆயுசு முழுக்க ஜனாதிபதி, ஆயுசு முழுக்க செனட்டர் (மேல் சபை உறுப்பினர்), ஸ்டேட் கவர்னர மத்திய அரசே நியமிக்கும்னு. யாரும் சீரியஸா எடுத்துக்கல, ஆனா அதுக்குப் பக்கத்துல வச்சா வர்ஜினியா பிளான் ரொம்ப நிதானமான பிளான் மாதிரி தெரிஞ்சிருக்கும். மறுநாள் 7 ஸ்டேட் வர்ஜினியா பக்கம், நியூயார்க், நியூஜெர்சி, டெலவேர் 3 எதிர்ப்பு, மேரிலாண்ட் ரெண்டா பிளவு. நியூஜெர்சி பிளான் அன்னைக்கோட காலி, பேப்பர்ல.

சண்டை காலியாகல. ஜூன் 30ல டெலவேரோட கன்னிங் பெட்ஃபோர்ட், உங்கள நம்ப மாட்டோம், நீங்க கூட்டணிய உடைச்சா நல்ல மனசோட கை குடுக்குற வெளிநாட்டு நட்பு எங்களுக்கும் கிடைக்கும்ங்கற ரேஞ்சுக்குப் பேசிட்டார். பிரிட்டன்கிட்ட போராடி ஜெயிச்சு நாலு வருஷம் ஆன நாட்டுல இது சாதாரண மிரட்டல் இல்ல. அதே நாள் மேடிசன் இன்னொரு உண்மைய உடைச்சார், நிஜப் பிளவு பெருசு சின்னதுல இல்ல, அடிமை வச்சிருக்குறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும்தான்னு. சரியாத்தான் சொன்னார், ஆனா அதுக்கு ரெண்டு பிளான்லயும் மருந்து இல்ல. அடிமைகள்ல 5 பேர 3 பேரா எண்ணுற கணக்க நியூஜெர்சி பிளான் பங்குப் பணம் போடுறதுக்கு வச்சிருந்துச்சு, வர்ஜினியா தரப்பு ஜூன் 11லயே சீட்டு கணக்குல சேர்த்துக்கிச்சு. ஓட்டே இல்லாதவங்க தலைய எண்ணி அவங்கள அடிமையா வச்சிருந்தவங்களுக்கு சீட்டு, ஒப்பீடுன்னு பாத்தா இந்த விஷயத்துல ரெண்டுக்கும் ஒரே மார்க், பூஜ்யம்.

ஜூலை 16ல ரோஜர் ஷெர்மன் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருந்த கனெக்டிகட் ஃபார்முலா 5க்கு 4னு மயிரிழையில பாஸாச்சு, கீழ் சபையில ஜனத்தொகை, செனட்ல சமம். அதுக்கப்புறம் நடந்ததுதான் காமெடி. நியூஜெர்சிக்கு சம ஓட்டக் குடுத்துப் பாருங்க, கொள்கையெல்லாம் கீழ வச்சுட்டு வந்துடுவாங்கன்னு சார்ல்ஸ் பிங்க்னி ஜூன் 16லயே சொல்லியிருந்தார். அப்படியே ஆச்சு. பேட்டர்சன் சாசனத்துல கையெழுத்து போட்டார், பிறகு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜும் ஆனார். வர்ஜினியா பிளான வச்ச ரேண்டால்ஃப் கையெழுத்து போட மாட்டேன்னுட்டார். ஸ்டேட் ஸ்டேட்டா ஒப்புதல் வாங்கும்போது டெலவேர் 30க்கு 0னு மொத ஆளா வந்து நின்னுச்சு, நியூஜெர்சி 38க்கு 0, வர்ஜினியா 89க்கு 79னு தட்டுத்தடுமாறி.

எது சிறந்ததுன்னு என்கிட்ட கேட்டா, ஆட்சியோட உருவத்துக்கு வர்ஜினியா பிளான்தான், ரெண்டு சபையும் மக்கள் நேரா போடுற ஓட்டும் இல்லாம மத்திய அரசுக்கு வரி போடுற அதிகாரம் குடுக்குறது ஆபத்து. ஆனா சட்டத்த நடைமுறைப்படுத்துற வழிக்கு நியூஜெர்சி பிளான்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. செனட் சம ஓட்டு எனக்குப் பிடிக்காத பகுதி, அது கொள்கையில பொறந்தது இல்ல, மிரட்டல்ல பொறந்தது, ஆனா அது இல்லாம 1787ல அந்த ஹால விட்டு ஒரு ஒப்பந்தமும் வெளிய வந்திருக்காதுன்னும் தோணுது. 1913ல 17வது திருத்தம் வந்து செனட்டர மக்களே நேரா தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சாங்க, ஆனா ஸ்டேட்டுக்கு 2ங்கறத தொடல. 2020 சென்சஸ்படி கலிஃபோர்னியாவுல 3.95 கோடி பேர், வயோமிங்ல 5.77 லட்சம், ரெண்டுக்கும் செனட்ல 2 சீட்டு, அதாவது 68 மடங்கு. டெலவேர் வர்ஜினியா வித்தியாசம் அன்னைக்கு 13 மடங்கு கூட இல்ல. சாசனத்தோட 5வது பிரிவுல, எந்த ஸ்டேட்டோட சம ஓட்டையும் அந்த ஸ்டேட் சம்மதம் இல்லாம எடுக்க முடியாதுன்னு கூட்டம் முடியுற நேரத்துல எழுதி வாங்கிட்டாங்க, ஆக கலிஃபோர்னியா இன்னும் எத்தன கோடி பேரானாலும் வயோமிங்கோட கையெழுத்து இல்லாம இந்தக் கணக்குல ஒண்ணும் பண்ண முடியாது.